நகரும் சுவர்

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் 1924-இல் கட்டப்பட்ட ஷ்ரோடர் வீட்டின் மாடியில், படுக்கையறைகளைப் பிரிக்கும் சுவர்கள் நகர்பவை. பகலில் தள்ளிவிட்டால் மாடி முழுக்க ஒரே கூடம். இரவில் இழுத்தால் பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை. கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளோடு இருந்த ட்ரூஸ் ஷ்ரோடர், தச்சராகத் தொடங்கிக் கட்டடக் கலைஞரான கெரிட் ரீட்வெல்டுடன் சேர்ந்து இதை வடிவமைத்தார். (கட்டட விதிகளுக்கு அந்தத் திறந்த மாடி ஒத்துவராததால், வரைபடத்தில் அதைப் பரண் என்று காட்டினார்களாம். கெட்டிக்காரத்தனம்தான்!)

இந்த நகரும் சுவர்களை நினைக்கும்போது, அதே நாட்டுக்கு அதே காலத்தில் வந்த வேற்று நாட்டுப் பிள்ளைகளும் நினைவுக்கு வருகிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின், பசியால் வாடிய ஆஸ்திரிய, ஹங்கேரியப் பிள்ளைகளை டச்சுக் குடும்பங்கள் ஏற்று வளர்த்தன. பின்னாளில், ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் குடும்பத்துக்கு உதவிய மீப் கீஸ், 1920-இல் வியன்னாவிலிருந்து 11 வயதில் லைடன் நகருக்கு அப்படி வந்தவர்தான்.

அப்படி வேறொரு வீட்டுக்கு வரும் அகதிப் பிள்ளைக்கு அறை ஒதுக்குபவர்கள் கட்டிலையும் அலமாரியையும் யோசிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அறையின் தடுப்பு, ஷ்ரோடர் வீட்டில் உள்ளதுபோல் நகர்வதாக, எடை குறைந்ததாக, பத்து வயதுக் கையால் தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க மூடியே கிடக்கலாம். பிறகு ஒரு சாண் திறக்கலாம், பேச்சுச் சத்தம் மட்டும் உள்ளே வர. எவ்வளவு திறப்பது என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். தாழ்ப்பாளும் அதன் பக்கமே இருக்கட்டும்.