ஒரு துரைசாணியின் கதை: சில குறிப்புகள்

டைனா ஜெஃப்ரிஸ் 2015இல் வெளியிட்ட 'தி டீ பிளாண்டர்ஸ் வைஃப்' என்னும் ஆங்கில நாவல் பிரித்தானியாவிலே பெருமளவில் விற்பனையானது. அத்தலைப்புக்குரியவளை மஸ்கெலியாத் தோட்டங்களிலே 'துரைசாணி' என்பர். பொழுதுபோக்குக் காதற்கதை என்ற காரணத்திற்காக மட்டும் ஒரு நூலை ஒதுக்குவது விமர்சனமாகாது. ஜனரஞ்சக இலக்கியம் தன் வாசகரின் அச்சங்களைப் பெரும் படைப்புகளிலும் பார்க்க வெளிப்படையாகக் காட்டிவிடுவதுண்டு. அந்த எதிர்பார்ப்புடனேயே இதனை அணுகினோம்.

1925இலே துரையொருவனின் மனைவியாக இலங்கைக்கு வரும் க்வென் பின்னர் இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். ஒன்று வெண்ணிறம், மற்றது கருநிறம். கறுத்த பெண்குழந்தையைக் கணவன் அறியாமற் கிராமமொன்றுக்கு அனுப்பி, அதன் வளர்ப்புக்கு இரகசியமாகப் பணமும் கொடுத்து வருகிறாள். இக்கட்டத்திலே நாவல் ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது: பங்களாவின் கண்ணியம் யாரை மறைத்து வைப்பதாற் காக்கப்படுகிறது? பெருந்தோட்ட அமைப்பிலே யார் கொழுந்து பறிப்பது, யார் பங்களாவில் வசிப்பது என்பவற்றை நிறமும் சேர்ந்தே தீர்மானித்தது. இவ்வினாவை ஆசிரியை பின்தொடர்ந்திருப்பின் நாவல் வேறாகியிருக்கும். ஆனால் கணவனின் முன்னோருள் ஒருத்தி இலங்கைப் பெண் என்பது இறுதியில் வெளிப்பட, க்வென்னின் நீண்டநாட் சந்தேகம் நீங்குகிறது. சமூகப் பிரச்சினை குடும்பத்தின் வம்சாவளிச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. நமது ஏமாற்றம் இங்கேதான்.

நாவலின் பங்களா ஏரிக்கரையில் நிற்கிறது. ஏரியைக் கற்பனை செய்ய எழுத்தாளருக்கு உரிமையுண்டு. ஆயின் 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரையே நீருக்குக் கொடுத்தவர்கள், அழகிய ஏரிகளைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது இயல்பே.

கதை நிகழும் காலத்தையும் நோக்குக. 1927இலே இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இலே கோ. நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டாற் கூட்டங்களைத் திரட்டினார். தொழிலாளர் இந்நாவலில் இல்லாமலில்லை. காயமுற்ற ஒருவனுக்கு க்வென் உதவவும் செய்கிறாள். ஆயினும் அவர்கள் அவளது இரக்கத்தின் அளவுகோலாகவே வந்துபோகின்றனர்.

அதே காலப்பகுதியில், 1930களில், புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதினார். அங்கே துரையின் பங்களா லயத்துப் பக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது. மருதிக்கும் ஒரு மகள் உண்டு, பெயர் வெள்ளைச்சி. பணங்கொடுத்து அவளை மறைத்து வளர்க்க எவருமில்லை, தோட்டத்திலேயே வளர்கிறாள்.