குடியியற் பாடமும் குடியுரிமையும்

குடியியல் என்னும் பாடம் நம் பாடசாலைகளிற் பெரும்பாலும் பெயர்களின் பட்டியலாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. பாராளுமன்றத்தின் உறுப்புக்களையும் பிரசையின் கடமைகளையும் மனனஞ் செய்த மாணவன் பரீட்சையிற் சித்தியெய்துகின்றான். ஆயின், பிரசாவுரிமை எதனால் வருவது, எதனால் இழக்கப்படுவது என வினவின் வாளாவிருக்கின்றான்.

இவ்வினாவுக்கு விடை இந்நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரின் வாக்குரிமையை நீக்கின. 1952இல் அக்கட்சியினர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. நாடற்றோராய் எஞ்சியோரிற் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பிரசைகளாயினர்.

இவற்றைக் கற்பித்தல் அரசியல் பேசுதலாகும் என அஞ்சுவாருளர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. கட்சிப் பிரசாரத்துக்கு வகுப்பறை இடமன்று. ஆயினும், சட்டத்தின் வாசகத்தை மாணவர்முன் வைத்து, ஆதரித்தோர் கூறிய நியாயம் யாது, எதிர்த்தோர் கூறியது யாது, 1949இல் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது ஏன் என ஆராயச் செய்தல் பிரசாரமாகாது. முடிவினை ஆசிரியர் தாமே கூறிவிடாதிருத்தல் மட்டுமே அங்கு வேண்டற்பாலது.

உரிமை பறிக்கப்படக்கூடியது என்று அறிந்தவனே அயலவன் உரிமைக்கும் காவலனாவான். இதனை உணர்த்தாத பாடம் பரீட்சைக்கு உதவலாம். நல்ல பிரசைகளை ஆக்குதற்கு உதவாது.