வில்லியம் கில்லெட்டின் சுருட்டு

ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தவர்களைத் தரம் பிரிப்போர் பேசில் ராத்போனிலோ ஜெரமி பிரெட்டிலோ தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது; எனினும் 1899 நவம்பரில் நியூயார்க்கின் காரிக் அரங்கில் அவ்வேடம் ஏற்று, பின்னர் ஏறத்தாழ 1,300 முறை அதை நடித்த வில்லியம் கில்லெட்டை (1853–1937) ஒதுக்கிவிட்டுச் செய்யப்படும் எந்தத் தரவரிசையும் செல்லாது. கோனன் டாயிலின் பெயரையும் சேர்த்துக்கொண்டு மேடையேறிய அந்நாடகத்தைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே.

நாடகத்தின் உச்சம் ஸ்டெப்னி நச்சுவாயு அறைக் காட்சியாகும். அடியாட்கள் சூழ்ந்து நிற்கையில் ஹோம்ஸ் விளக்கை உடைக்கிறார். இருளில் தெரியும் சுருட்டின் கனலைக் குறிவைத்து அவர்கள் சன்னல் பக்கம் பாய்கிறார்கள். மீண்டும் வெளிச்சம் வரும்போது சுருட்டு மட்டும் சன்னலோரத்தில் செருகப்பட்டிருக்க, அவரோ நாயகியுடன் வாசலில் நிற்கிறார். தந்திரம் எளியதே. அதுவரை வெறும் பழக்கம்போல் நிதானமாகப் புகைக்கப்பட்ட சுருட்டைப் பார்வையாளர் ஒரு பொருட்டாகவே கருதாதபடி வைத்திருந்ததில்தான் கில்லெட்டின் கலை இருக்கிறது. ஒருமுறை அதை அழுத்திக் காட்டியிருந்தால்கூட அடியாட்களுக்கு முன்பே அரங்கம் விழித்துக்கொண்டிருக்கும்.

இந்த அடக்கத்துக்கு அவர் கோட்பாடும் வகுத்தார். 1913இல் ஆற்றிய உரையில், அடுத்து வரும் சொல்லை நன்கறிந்த நடிகர் அதை அப்போதுதான் தேடிக் கண்டடைவதாகத் தோன்றவேண்டும் என்று வாதிட்டு, அதற்கு ‘முதல் முறை என்னும் மாயை’ என்று பெயரிட்டார். ஆயிரம் முறைக்கு மேல் ஒரே வசனத்தைப் பேசவேண்டியிருந்தவரின் தொழில்நெருக்கடியிலிருந்து பிறந்த கருத்து என்பதால், அதில் ஏட்டுவாடை சிறிதும் இல்லை.

சிகாகோவின் எஸ்ஸனே நிறுவனத்துக்காக ஆர்தர் பெர்த்தலே இயக்கிய 1916ஆம் ஆண்டு மௌனப்படத்தில் கில்லெட்டுக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அப்படம், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளாக 2014இல் பாரிசின் சினிமாத்தேக் பிரான்சேஸ் ஆவணக்காப்பகத்தில் கிடைத்து, மறு ஆண்டு சீரமைக்கப்பட்டுத் திரையிடப்பட்டது. அதில் பேச்சு இல்லை. கேட்பவராக நிற்கும் அவருடைய நிலை மட்டும் அப்படியே இருக்கிறது: பிறர் கைவீசி உணர்ச்சியைக் காட்ட, அவர் தலையைக்கூட அவசியமின்றித் திருப்புவதில்லை. மெய்யான இருளைப் பதியவைக்க அக்காலப் படச்சுருளால் இயலாது. ஆகவே மேடையில் அடியாட்களோடு பார்வையாளரும் சேர்ந்து ஏமாந்த அனுபவம் திரையில் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆனால் இதை நடிகரின் குறையாகக் கொள்வது நியாயமன்று.

இதே நாடகத்தை ஒட்டி 1922இல் வெளிவந்த படத்தில் நடித்த ஜான் பாரிமோரை உயர்த்திப் பேசுவோர் உண்டு. பாரிமோரின் பக்கவாட்டு முகத்தழகை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கேமராவுக்கு அந்த முகம் பிடித்திருக்கிறது என்பதை அவரும் அறிந்தே நடித்தார் என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது. அண்மைக்கால ஹோம்ஸ்களோ ஊகங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்து, போதாக்குறைக்கு அவற்றைத் திரையில் எழுத்தாகவும் மிதக்கவிடுகிறார்கள்; சிந்திப்பவரைப் பார்வையாளர் பொறுத்திருந்து பார்க்கமாட்டார் என்ற அச்சம் இவர்களைப் பிடித்திருக்கிறது. எழுபத்தாறு வயதில், 1929இல், பிரியாவிடைச் சுற்றுக்குப் புறப்பட்ட கில்லெட்டுக்கு அந்த அச்சம் இருந்ததில்லை.