சுழி பார்த்து வாங்கும் புல்லட்

போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல் பிரிவு, கேப் ரோடு என்று தேயிலைக்கு நடுவே போகும் சாலை. பழைய மோட்டார் சைக்கிளை வெட்டி ஒட்டிப் புது உருவத்தில் கட்டி விற்கிறார்களே, அந்த வண்டிகளை எடைபோட இதைவிட நல்ல இடம் தெற்கே இல்லை என்பது என் கட்சி. சென்னைக் கடற்கரைச் சாலையில் எந்த வண்டியும் ராஜாதான். சின்னக்கானலிலிருந்து போடிக்கு இறங்கும்போதுதான் கட்டியவன் கை தெரியும்.

கட்டப்படும் வண்டிகளில் பெரும்பாலும் புல்லட். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து, திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி. 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். அந்த நீண்ட ஸ்ட்ரோக்தான் நிதானமான ‘தட் தட்’டுக்கு அடிப்படை. முதல் அரை நூற்றாண்டில் இன்ஜினின் அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை. அதனால் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமானை வைத்தே ஒரு வண்டியை எழுப்பிவிடலாம். வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான். மைசூர் ஜாவா, எஸ்டியும் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வெட்டுவது எனக்குப் பாவமாகப் படுகிறது. அந்த உருவத்தில் கைவைக்க என்ன இருக்கிறது?

விற்பவர் ஏற்கெனவே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆற விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். மலைக் குளிரில் ஆறிய இன்ஜினை நீங்களே கிளப்ப வேண்டும். சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, முழுசாக ஒரே மிதி. டைமிங் சரியாக வைத்த வண்டி ஒன்றிரண்டு மிதியில் பிடித்துக்கொள்ளும். அழகுக்காக ஆம்பியர் மீட்டரைக் கழற்றி எறிந்த வண்டியில் இந்தச் சுகம் இல்லை. அதற்காகவே நான் விலையைக் குறைத்துக் கேட்பேன்.

மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல இதற்குக் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் தண்டு உட்காரும் குழாய்தான் கழுத்து. சாப்பர் கட்டுகிறவர்கள் முன்சக்கரத்தைத் தள்ளி நீட்ட இந்த இடத்தை வெட்டிச் சாய்த்து மறுபடி வெல்டிங் வைக்கிறார்கள். பழைய புல்லட் சேசிஸின் முன்குழாய் இன்ஜினோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே இன்ஜினே சட்டமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஏற்கெனவே இப்படி அமைந்த கட்டில் கழுத்தையும் வெட்டினால், குழிக்குக் குழி உதை முழுவதும் அந்த ஒரு வெல்டிங் மேல்தான். நல்ல வெல்டிங்கில் வரிகள் ஒரே இடைவெளியில் ஓடும், இரு ஓரமும் இரும்பில் கரைந்திருக்கும். தெரிந்தவன் அதைக் காட்டுவான். தெரியாதவன் கிரைண்டர் போட்டு வழித்து, பட்டி அப்பி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடிப்பான். சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கனமாகப் பட்டி அப்பிய இடத்தில் பிடிப்பு தளரும். சேசிஸ் நம்பரும் கழுத்தருகேதான் இருக்கும். அங்கே தேய்த்த தடம் தெரிந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அடுத்து நூல். பின் டயரின் இரு பக்கமும் நூல் பிடித்து முன் டயர் வரை இழுத்துப் பார்த்தால் சக்கரங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். அகலமான பின் டயர் போட்ட வண்டிகள் பல இங்கேயே தோற்றுவிடும். டயருக்கு இடம்விட்டுச் செயினைத் தள்ளியதில் ஏதோ ஒன்று கோணியிருக்கும். நீட்டிய போர்க்கும் உயர்ந்த ஹேண்டில்பாரும் நேர்ச் சாலைக்குச் சரி. கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திருப்பும்போது முழங்கை டேங்கில் இடித்தால்? பிரேக்கையும் மறக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தில் பழைய ட்ரம் சூடேறிப் பிடி விட்டுப்போகும். வேறு வண்டியின் டிஸ்க்கைப் பொருத்தியிருந்தால், காலிப்பர் தாங்கி போல்ட்டில் நிற்கிறதா, போர்க் காலில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

சட்டமும் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து, கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது: தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது. ‘விண்டேஜ்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் 2021 விதியைச் சொல்லுங்கள். 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸிலும் இன்ஜினிலும் கைவைத்திருக்கக் கூடாது. அப்போதுதான் ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர். அதிலும் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆக, வெட்டிக் கட்டிய வண்டி எவ்வளவு பழையதானாலும் சட்டத்தின் கண்ணில் விண்டேஜ் ஆகாது. தேனிப் பதிவான டி.என். 60 வண்டியைச் சின்னக்கானல்காரர் வாங்கினால் தடையில்லாச் சான்று, கேரள வரி, மறுபதிவு என்ற செலவும் உண்டு.

விலைக்கு என் கணக்கு எளிது. மாற்றாத அதே வருட வண்டி, ஓடும் நிலையில், ஆர்.சி.யோடு என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் அடிவிலை. கட்டியவர் செலவழித்த பணம் அதற்குமேல் அப்படியே ஏறாது. போல்ட்டில் மாட்டிய மாற்றங்களுக்குக் கொஞ்சம் கூட்டலாம், வெட்டிய ஒவ்வொன்றுக்கும் குறைக்க வேண்டும். கழற்றிய பழைய டேங்க், மட்கார்டு, ஹேண்டில்பார் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். பத்திரமாக வைத்திருந்து கூடவே தருகிறவரிடம் பேரம் பேசவே எனக்கு மனசு வராது. ஆனால் கழுத்தில் வெல்டிங் வைத்த வண்டியை, சும்மா கொடுத்தாலும் நான் ஓட்ட மாட்டேன்.