திங்கட்கிழமை நோய்

திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர், வடமதுரைப் பகுதிகளில் நூற்பாலைகள் பல உண்டு. ஆலையில் மருத்துவ முகாம் நடத்தி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டால் தொழிலாளர் நலம் பேணியதாகுமா? ஆகாது. பஞ்சுத் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ அதில் அகப்படாது.

வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் மூச்சுத் திணறும். பின்னர் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் இந்நோயும் இடம் பெற்றது. கண்டால் அறிவிக்க வேண்டும். காணாத நோயை யார் அறிவிப்பது? விடுமுறைக்கு மறுநாள், வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சை ‘ஸ்பைரோமீட்டர்’ கருவியால் அளந்து பார்க்க வேண்டும்.

முகமூடி மட்டும் போதாது. புளோரூமிலும் கார்டிங்கிலும் தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதுதான் முதல் மருந்து.