மீனுக்கு அத்தாட்சி, மனிதனுக்கு?

ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அரங்குகளில் தான் எவற்றுக்கு முதன்மை அளிக்கப்போகிறது என்பதை ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. மரணதண்டனை ஒழிப்பு, சித்திரவதைத் தடுப்பு, குற்றமிழைத்தோர் பொறுப்புக்கூறல் என்று நீளும் அந்த அறிக்கையின் நடை கண்ணியமானது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஓர் அரசின் முதன்மைகளை அது எழுதும் வாக்கியங்களைக் கொண்டு அளக்கலாகாது. எதன்பொருட்டுத் தன் சந்தைக் கதவை அடைக்கிறது, எதன்பொருட்டு அடைக்கத் தயங்குகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த அளவுகோலை மன்னார்க் கரையில் ஊன்றிப் பார்ப்போம்.

இலங்கையின் ஆழ்கடற் படகுகள் சர்வதேச விதிகளை மதிக்கவில்லை என்று கூறி, 2014 ஒக்டோபரில் ஒன்றியம் நம் நாட்டு மீனை விலக்கிற்று. 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. கொழும்பு பதறியது. படகுகளின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன, சட்டம் இறுக்கப்பட்டது, 2016 ஜூனில் தடை நீங்கிற்று. ஐரோப்பாவுக்குள் நுழையும் கடல்மீனை எந்தப் படகு, எந்தக் கடற்பரப்பிற் பிடித்தது என்பதற்கு 2010 முதல் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். நல்ல விதிதான். இந்திய இழுவைப் படகுகளிடம் வலையைப் பறிகொடுக்கும் பேசாலை மீனவன், இத்தகைய கண்டிப்பு தன் கடலுக்கும் வராதா என்றே ஏங்குவான்.

இனி மனிதனைப் பார்ப்போம். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய மண்ணில் எலும்புகள் வெளிப்பட்டன. 2018 மார்ச்சில் மன்னார் நகரில் சதொச கட்டிடத்துக்காகத் தோண்டிய நிலத்திலும் எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள்; அவற்றுட் குழந்தைகளுடையனவும் இருந்தன. பிள்ளையைத் தொலைத்த தாய்மாரின் நெஞ்சம் அக்குழியருகே என்ன பாடுபட்டிருக்கும்! ஆறு மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019 மார்ச்சில் விடை வந்தது. அறிவியலோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஆறு துண்டு எலும்பு முந்நூறு பேருக்கும் சாட்சி சொல்லிவிட்டதாகப் பலர் ஆறுதல் கொண்டார்களே, அதனோடுதான் வழக்கு. போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றிய 1560உம் அந்தக் கால எல்லைக்குள்ளேயே அடங்குகிறது! சரித்திரத்துக்கும் குறும்பு உண்டு போலும்.

மனித உரிமைக்காக ஐரோப்பா கதவடைத்ததே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2010 ஆகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை நிறுத்திற்று. 2017 மேயில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியை நம்பித் திருப்பிக் கொடுத்தது. 1979ஆம் ஆண்டின் அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை. சலுகையை மீளாய்வு செய்யும்படி 2021இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானித்தும் கதவு அசையவில்லை. அடைத்தால் முதலிற் பசிப்பவள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண். ஆகவே அடைத்துவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. மீன் விஷயத்திற் போல, என்று, யார், எதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற கணக்கு மனித விஷயத்தில் ஏன் எழுதப்படவில்லை என்றே கேட்கிறேன்.

வன்னியில் 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் ஆணைக்குழுவின் முன் கேட்டார். 2021இல் அவர் மறையும்போதும் கேள்வி நின்றபடியே நின்றது.

ஐரோப்பாவை நோக்கி விரல் நீட்டும் நாமும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். ஜெனீவாவுக்கு நாம் எழுதிய மனுக்களில் எத்தனையில் எருக்கலம்பிட்டியின் பெயர் இருந்தது?

ஐரோப்பாவுக்கு வழி தெரியாதென்பதில்லை. யூகோஸ்லாவியப் போர்களிற் காணாமற்போனோரைத் தேட 1996இல் சர்வதேச ஆணைக்குழு நிறுவப்பட்டது. உறவினரின் இரத்த மாதிரியையும் புதைகுழி எலும்பையும் மரபணுவால் ஒப்பிட்டு, போஸ்னியாவிற் பல்லாயிரம் பேருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும், பணம் வேண்டும். இரத்தம் கொடுக்கத் தாய் உயிரோடிருக்க வேண்டும். வடக்கின் வீதியோரங்களிற் புகைப்படத்தோடு அமர்ந்திருந்த தாய்மாரிற் சிலர் ஏற்கனவே இறந்துவிட்டார்கள்.