குறளும் குறுக்கமும்

2021 ஆகஸ்ட் 28 தொடங்கிச் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஆறு ‘ஏஆர்டி’ சோதனைக் கருவிகள் அஞ்சல்வழி வந்து சேர்ந்தன. கேலாங் லோரோங்குகளின் கடைவீடுகளிலும், கேலாங் கிழக்கின் அடுக்குமாடி வீடுகளிலும் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, கரைசலில் தோய்த்து, சில சொட்டுகளை இட்டு, கோடு ஒன்றா இரண்டா என்று காத்திருந்து பாராதவர் அரியர். அச்செங்கோடு எதனால் ஆயது என்று வினவியவரோ அவரினும் அரியர். இத்தகைய கருவிகள் பலவற்றில் அது சாயம் அன்று, பொன்.

சிராங்கூன் சாலை நகைக்கடையில் மஞ்சளாய் மின்னும் அதே பொன், சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகளாகி நீர்மத்தில் மிதக்குங்கால் செந்நிறம் காட்டும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மைக்கேல் பாரடே இச்செம்பொன் நீர்மத்தை ஆராய்ந்து 1857 இலேயே எழுதினார். சிறிய பொன் பெரிய பொன்னின் குறுக்கம் அன்று. தன்மையாலேயே அது வேறு. நானோ நுட்பத்தைக் கற்பிப்போர் முதலிற் கூறவேண்டிய உண்மை இதுவே ஆகும்.

ஆயின், மருத்துவ நானோ நுட்பத்தை உயர்பட்ட மாணவர்க்கு அறிமுகம் செய்யும் உரைகளும், அதனைத் தமிழில் எடுத்துரைக்கும் கட்டுரைகளும் பல, இப்பொன்னிலிருந்து தொடங்குவதில்லை. குருதிக் குழாயுள் நீந்திச் செல்லும் ஒரு சிறு எந்திரத்தின் படத்திலிருந்து தொடங்குகின்றன. சிங்கப்பூரின் பயோபொலிஸ் வளாகத்தில் ஜாக்கி யிங் அம்மையார் தலைமையில் உயிர்ப்பொறியியல், நானோ நுட்ப ஆய்வுக்கழகம் 2003 இல் அமைந்தது. அதுமுதல் இத்துறை இந்நகரில் வேரூன்றி வளர்ந்துள்ளது. எந்திரவியல், வேதியியல், மருத்துவம் எனப் பல வாயில்களால் மாணவர் இதனுட் புகுகின்றனர். அவர்க்கெல்லாம் பொதுவாய் அமைவது முதலிற் காட்டப்படும் படமே. ஆதலின் அப்படம் சரியா என்று ஆராய்தல் கடன்.

படம் பிறந்த வரலாறு

1959 டிசம்பர் 29 ஆம் நாள், கலிபோர்னியாவில் இயற்பியலறிஞர் ரிச்சர்டு பெயின்மன் ஆற்றிய உரையை இத்துறையின் தோற்றுவாயாகக் கூறுவர். நோயாளி அறுவை மருத்துவரையே விழுங்கிவிடலாம் என்னும் தம் நண்பர் ஆல்பர்ட் ஹிப்சின் கருத்தை அவர் அவ்வுரையில் எடுத்துரைத்தார். 1966 இல் வந்த ‘பென்டாஸ்டிக் வாயேஜ்’ என்னும் திரைப்படம், நீர்மூழ்கிக் கப்பலையும் மாலுமிகளையும் நுண்ணுயிரளவு சுருக்கி, ஓர் அறிஞரின் குருதியுள் செலுத்திக் காட்டியது. அதனை நாவலாக எழுதிய ஐசக் அசிமோவ் ஒரு குறையைக் கண்டார். அறுபது நிமிடத்தில் யாவும் பழைய அளவை அடையும் எனின், உடலுள் விடப்பட்ட கப்பலும் வளருமன்றோ? நாவலில் அதனை வெளியே கொணர்ந்து அக்குறையை நீக்கினார். பிற சிலவற்றையும் செப்பனிட்டார். ஆயினும் நீந்தும் கப்பல் நீந்தும் கப்பலாகவே நின்றது. அதனை நீக்கின் கதையே இல்லை.

ஈண்டு ஒன்றை நேர்மையுடன் கூறல் வேண்டும். பெயின்மன் தம் உரையிலேயே எச்சரித்திருக்கிறார். அளவு குறையக் குறைய எல்லாம் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை, எடை பொருட்டன்றாகிவிடும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார். பின்வந்தோர் மருத்துவனை விழுங்கும் படத்தை எடுத்துக்கொண்டனர், எச்சரிக்கையை விட்டுவிட்டனர். குற்றம் உவமை கூறியவருடையது அன்று. உவமையைப் பொருளாகவே கொண்டவருடையது.

நீர் தேனாகும் இடம்

படகோட்டி துடுப்பை நிறுத்தினாலும் படகு சிறிது தூரம் தானே செல்லும். முன்பு பெற்ற வேகம் தொடரும் இத்தன்மையை நிலைமம் என்பர். எட்வர்ட் பர்செல் என்னும் அறிஞர் 1976 இல் ஆற்றிய உரையில் நுண்ணுயிரின் நிலையை விளக்கினார். நீரில் நீந்தும் அவ்வுயிர் தன் வாலசைவை நிறுத்தின், ஓர் அணுவின் அகலத்தினும் குறைந்த தொலைவுக்குள் நின்றுவிடும். நமக்கு நீராய் இருப்பது அதற்குத் தேனினும் கெட்டி. நானோ துகளோ அதனினும் சிறிது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அதனை ஓயாது மோதி அலைக்கும். அங்கே திசை பிடித்துச் செல்லும் கப்பலும் இல்லை, மாலுமியும் இல்லை.

இதனோடு சிங்கப்பூரில் உருவான ஒரு கருவியை ஒப்பு நோக்குக. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் சுவீ டெக் முதலியோர், குருதியில் அலையும் புற்றுநோய் அணுக்களைப் பிரித்தெடுக்கும் சிறு சில்லு ஒன்றைப் பற்றி 2013 இல் ஆய்வுரை வெளியிட்டனர். சுருள் வடிவான மெல்லிய கால்வாயில் குருதி விரைந்து ஓடும். பெரிய புற்றணுக்கள் உட்சுவரை ஒட்டி நிற்கும். சிறிய குருதியணுக்கள் புறத்தே ஒதுங்கும். இக்கருவி வேலை செய்வதே நிலைமத்தால். மில்லிமீட்டரின் சிறு பங்கான கால்வாயில் நிலைமம் தொழில் செய்கிறது. நானோ துகளிடத்து அது செயலற்றுப் போகிறது. இரண்டையும் ‘நுண்கருவி’ என்னும் ஒரே பெயரால் குறித்தால், மாணவன் ஒன்றின் விதியை மற்றதற்கு ஏற்றிவிடுவான்.

உடல் என்னும் சல்லடை

நானோ மருந்தை ‘இலக்கைத் தேடிச் செல்லும் ஏவுகணை’ என்பது மற்றோர் உவமை. உடல் செய்வது வேறு. ஏறத்தாழ 6 நானோமீட்டரினும் சிறியவற்றைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றும். பெரியவற்றுள் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்ளும். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர், பத்தாண்டுகளில் விலங்குகளிடத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். செலுத்திய துகள்களில் புற்றுக்கட்டியை அடைந்தவை, நடுத்தர அளவாக, நூற்றுக்கு 0.7 பங்கே. நூறில் தொண்ணூற்றொன்பது வேறிடம் செல்லுமாயின் அதனை ஏவுகணை என்பார் யார்?

இதனால் இத்துறை பயனற்றது என்பது கருத்தன்று. 1995 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘டாக்சில்’, டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை நூறு நானோமீட்டர் அளவான கொழுப்புக் குமிழுள் அடைத்துத் தருவது. அம்மருந்து இதயத்திற்கு இழைக்கும் ஊறு அதனாற் குறைந்தது. 2020 டிசம்பர் 30 அன்று சிங்கப்பூரில் போடத் தொடங்கிய கோவிட் தடுப்பூசியிலும் மருந்துச் செய்தியைச் சுமந்து சென்றவை கொழுப்பு நானோ துகள்களே. இவற்றில் சக்கரமும் இல்லை, கத்தியும் இல்லை. வெற்றி பெற்றது எந்திரம் அன்று. எண்ணெய்த் துளியின் உறவினம்.

சொல்லும் பொருளும்

தமிழில் நுண்தொழில்நுட்பம், மீநுண் தொழில்நுட்பம், நானோ தொழில்நுட்பம் என மூன்று வழக்குகள் உலவுகின்றன. நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்பவற்றில் ‘நுண்’ மைக்ரோ அளவைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. அதனினும் ஆயிரம் மடங்கு சிறிய அளவுக்கும் அதனையே வழங்குதல் மயக்கம் தரும். ‘நுண்’ அங்கேயே நிற்க; அளவுப் பெயராகிய ‘நானோ’வை அவ்வாறே கொள்ளுதல் தெளிவு. மீட்டரையும் கிராமையும் ஏற்ற மொழிக்கு இதனால் இழுக்கில்லை.

நானோ என்பதன் கிரேக்க மூலத்திற்குக் குள்ளன் என்பது பொருள். நம் ‘குறள்’ என்னும் சொல்லும் குறுமையைச் சுட்டுவதே. இவ்வொற்றுமையைக் கண்டவுடன், திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரால் வழங்கும் பாட்டை எடுத்துக்காட்டி, அணுவைத் துளைத்து ஏழுகடலைப் புகுத்தும் வித்தையைத் தமிழர் அன்றே அறிந்தனர் என்று எழுதுவாரும் உளர். அப்பாட்டு நூலின் செறிவைப் புகழும் உயர்வுநவிற்சி. அறிவியற் செய்தி அன்று. அன்றியும், பெரியதைச் சிறியதனுள் அடைக்கும் அக்கற்பனையைப் பாடமாகக் கொள்ளின், மருத்துவரை விழுங்கும் படத்திற்கே மீள்வோம்.

உண்மையான பாடம் யாப்பில் உள்ளது. நேரிசை வெண்பாவின் முதல் இரண்டடியை அறுத்தெடுத்தால் அது குறள் வெண்பா ஆகாது. முதலடி நாற்சீராயும் ஈற்றடி முச்சீராயும் நின்று, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். ஏழு சீருக்குள் பொருள் முற்றுப்பெறவும் வேண்டும். குறளுக்குத் தன் இலக்கணம் உண்டு. அவ்வாறே சிறிய பொருளுக்கும் தன் விதி உண்டு. தமிழாசிரியரிடம் குறள் பயின்ற மாணவன் இதனை எளிதில் உணர்வான்.

இஃது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தி அன்று. புற்றுநோயுற்றவரின் வீட்டில் ‘நானோ மருந்து’ என்னும் சொல் ஒலிக்கும்போது, பல்கலைக்கழகத்திற் பயிலும் பேரனை நோக்கிப் பாட்டி அதன் பொருளைக் கேட்பாள். ஏவுகணை என்று அவன் கூறின் அவள் அற்புதத்தை எதிர்நோக்குவாள். “நச்சு மருந்தைக் கொழுப்புக் குமிழில் பொதிந்து தருகிறார்கள், ஆச்சி, இதயத்துக்குக் கேடு குறையும், ஆனால் எல்லாம் கட்டிக்குப் போய்ச் சேராது” என்று கூறின், அவள் உண்மையை அறிவாள், மருத்துவரிடம் கேட்கவேண்டியதையும் கேட்பாள். அவனை இவ்விடைக்கு ஆயத்தம் செய்தல் ஆசிரியர் கடமை. அப்பாடத்தைத் திரைப்படக் கப்பலிலிருந்து தொடங்க வேண்டா. கேலாங் வீட்டு மேசைமேல் கிடந்த செங்கோட்டிலிருந்து தொடங்கினால் போதும்.